தராசு இல்லாமல் சாப்பாட்டின் அளவைக் கணிப்பது எப்படி

என் அப்பா தச்சர். 68 வயதில் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. உணவியல் நிபுணர் வேளைக்கு வேளை என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சோறு இத்தனை கிராம், இறைச்சி இத்தனை கிராம், எண்ணெய் இத்தனை ஸ்பூன், பாதாம் மாதிரி கொட்டைகள் ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம். அன்று மாலையே சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வந்தேன். நான்கு மாதம் எல்லாவற்றையும் எடை பார்த்துத்தான் தட்டில் வைத்தேன்.

அப்புறம் இரண்டு வாரம் உறவினர் வீட்டில் தங்க வேண்டி வந்தது. தராசை எடுத்துப் போகவில்லை. நான்கு மாதம் பார்த்த கண்ணுக்கு அளவு தெரியாமலா போகும் என்று நினைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பாவின் எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரையும் கூடியிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. சோறு கூடிவிட்டதா, ரொட்டி கூடிவிட்டதா என்று புலம்பிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: “நான் சாண் வைச்சுப் பலகையை அளக்குறேன்னா, என் சாண் எத்தனை அங்குலம்னு எனக்குத் தெரியும்மா. உன் கை எத்தனைன்னு நீ பார்த்து வைச்சியா?”

பார்த்து வைக்கவில்லை. நான்கு மாதமும் தராசில் தெரிந்த எண்ணைத்தான் பார்த்தேன். தட்டில் இருந்த குவியலைப் பார்க்கவே இல்லை. அதன் பிறகு நானும் அப்பாவும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையை அளந்து வையுங்கள்

மூடிய கை ஒரு கப், உள்ளங்கை 85 கிராம் இறைச்சி, கட்டைவிரல் ஒரு மேசைக்கரண்டி என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நல்ல கணக்குதான். ஆனால் கைக்குக் கை வித்தியாசம் உண்டு. ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் கையைத் தெரிந்த அளவு ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். அதற்கும் தராசு வேண்டாம். அளவு அச்சிட்ட பொருள்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

500 மில்லி தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான இரண்டு டம்ளரில் சரிபாதியாக ஊற்றினால் ஒவ்வொன்றிலும் 250 மில்லி. சமையல் குறிப்புகளில் ஒரு கப் என்று சொல்வது ஏறக்குறைய இதுதான். அதில் ஒன்றை, நீங்கள் தினமும் சாப்பிடும் கிண்ணத்தில் ஊற்றுங்கள். தண்ணீர் எதுவரை வருகிறது என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. கிண்ணம் நிறையப் போட்டதைத்தான் நான் அதுவரை ஒரு கப் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து, கிண்ணத்தைத் துடைத்துவிட்டு அதே மட்டத்துக்குச் சோறு போட்டு ஒரு தட்டில் கவிழ்த்துங்கள். அழுத்த வேண்டாம். பக்கத்தில் உங்கள் கையை மூடி வையுங்கள். என் கை அந்தக் குவியலைவிடக் கொஞ்சம் சிறியது, ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். அப்பா கையை வைத்தார். ஐம்பது வருஷம் இழைப்புளி பிடித்த கை, குவியல் அதன் பின்னால் மறைந்தே போனது. ஒரே வீட்டில் “ஒரு முஷ்டி சோறு” என்பது இரண்டு அளவு. யார் பரிமாறுகிறார்களோ அவர் கையைத்தான் அளந்து வைக்க வேண்டும்.

அடுத்தது கைப்பிடி. 200 கிராம் கொட்டைப் பாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தட்டில் கொட்டுங்கள். சரிபாதியாகப் பிரியுங்கள், 100. அதில் ஒரு பாதியை மறுபடி பாதியாக்குங்கள், 50. இன்னொரு முறை, 25. எடை அச்சிட்ட எந்தப் பாக்கெட்டையும் இப்படிப் பாதி பாதியாகப் பிரித்து வேண்டிய அளவுக்கு வந்துவிடலாம். கண் எடையைப் பார்க்கத் தடுமாறும், ஆனால் இரண்டு குவியல் சமமா என்று பார்ப்பதில் கெட்டிக்காரக் கண்.

அந்த 25 கிராம் குவியலைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. உள்ளங்கைக் குழியில் அடங்கிவிட்டது, விரல்கள் வரை வரவே இல்லை. நான் வழக்கமாக அள்ளும் கைப்பிடியை அள்ளிப் பார்த்தேன். இரண்டு குவியல் முழுசாக உள்ளே போனது. உறவினர் வீட்டில் அப்பாவுக்குத் தினமும் மாலையில் நான் கொடுத்தது 50 கிராம். 300 கலோரி. தாளில் இருந்ததற்கு இரண்டு மடங்கு.

கடைசியாக ஸ்பூன். இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடியில் 5, 10, 15 மில்லி என்று கோடு போட்டிருக்கும். கழுவிக் காயவைத்த மூடியில் 5 மில்லி தண்ணீர் எடுத்து உங்கள் தேக்கரண்டியில் ஊற்றுங்கள். 15 மில்லி எடுத்து, எண்ணெய் ஊற்றப் பயன்படுத்தும் கரண்டியில் ஊற்றுங்கள். நான் ஒரு மேசைக்கரண்டி என்று நம்பியிருந்த கரண்டி 25 மில்லி பிடித்தது.

கை சொல்லும் கணக்கு

இதெல்லாம் முடிந்தால் கை தயார். மூடிய கை, சமைத்த சோறு, பாஸ்தா, நறுக்கிய காய், பழத்துக்கு. ஒரு கப் சோறு என்றால் சுமார் 200 கலோரி, 45 கிராம் மாவுச்சத்து. சர்க்கரை நோய்க்காரர்களுக்கு 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்காக எண்ணும் வழக்கம் உண்டு. அந்தக் கணக்கில் ஒரு கப் சோறு மூன்று பங்கு. சாதாரண ரொட்டித் துண்டு ஒன்று, ஏறக்குறைய 30 கிராம் எடை உள்ளது, ஒரு பங்கு. கையால் தடிமனாக அறுத்த துண்டு இரண்டு பங்கு வந்துவிடும். ரொட்டியை எண்ணுவதோடு தடிமனையும் பாருங்கள்.

விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கை மட்டும், அதே தடிமனில், சமைத்த இறைச்சிக்கு. 85 முதல் 100 கிராம் வரை இருக்கும். ஒரு சீட்டுக்கட்டும் ஏறக்குறைய இந்த அளவுதான். மெல்லிய மீன் துண்டு என்றால் தடிமன் பாதி. அப்போது பரப்பு இரண்டு மடங்கு வேண்டும், அதாவது விரல்களையும் சேர்த்து முழுக் கை. பலர் மெல்லிய துண்டையும் உள்ளங்கையளவே எடுத்துப் புரதம் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். வயசானவர்களுக்கு அது நல்லதில்லை, கவனியுங்கள். முட்டையை மட்டும் அளக்கவே வேண்டாம். ஓடு நீக்கினால் பெரிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம், 6 கிராம் புரதம்.

கட்டைவிரலின் நுனியிலிருந்து முதல் கணு வரை ஒரு தேக்கரண்டி; வெண்ணெய்க்கும் ரொட்டியில் தடவும் எதற்கும் இதுதான். முழுக் கட்டைவிரல் ஒரு மேசைக்கரண்டி. சீஸ் என்றால் தீப்பெட்டி அளவுத் துண்டு 30 கிராம். மேசைப்பந்து, அதாவது டேபிள் டென்னிஸ் பந்து, 40 மில்லிமீட்டர் விட்டம்; அதன் கொள்ளளவு 33 மில்லி, கிட்டத்தட்ட இரண்டு மேசைக்கரண்டி. கடலை வெண்ணெயை அந்த உருண்டையாக மனதில் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

கீரை, காய்கறிக்கு நான் கையைக் கட்டுப்படுத்துவதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராமாவது பழமும் காயும் சாப்பிடச் சொல்கிறது. 80 கிராம் வீதம் ஐந்து முறை. உருளைக்கிழங்கு மாதிரி மாவுக் கிழங்குகள் இதில் சேராது. இரண்டு கையும் சேர்த்து ஏந்தும் அளவு பச்சைக் கீரை, வதங்கினால் ஒரு சின்னக் குவியலாகிவிடும். பயப்படாமல் போடுங்கள்.

எங்கே தப்பினால் வலிக்கும்

எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு அளக்க யாராலும் முடியாது. அதனால் எங்கே கவனம் வேண்டும் என்று தெரிந்துகொள்வது முக்கியம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் 4. சோறு கால் கப் கூடிவிட்டால் 50 கலோரி. அப்படிக் கூடினது பார்த்தாலே தெரியும், குவியல் உயர்ந்திருக்கும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி கூடிவிட்டால் 120 கலோரி, அது கண்ணுக்கே தெரியாது, காயோடு காயாகக் கலந்துவிடும். வெள்ளரிக்காய் அரைக் கப் கூடினால் 10 கலோரிகூட வராது.

நான் அந்த இரண்டு வாரமும் சோற்றை முறைத்து முறைத்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டிருந்தேன். எடை ஏறியதில் நான் கவனிக்காமல் விட்ட பங்கு எண்ணெய்க் கரண்டிக்கும் கொட்டைக் கைப்பிடிக்கும். கணக்குப் போட்டால் அந்த இரண்டில் மட்டுமே தினமும் 200 கலோரிக்கு மேல். சர்க்கரையை ஏற்றியது மாவுச்சத்து, அது கிண்ணம் நிறையப் போட்ட சோறு. குறைத்துப் போடுவதாக நினைத்தேன், ஆனால் கிண்ணத்தின் மட்டமே எனக்குத் தப்பாகத் தெரிந்திருந்தது.

ஆகவே எண்ணெய், வெண்ணெய், கொட்டைகள், சீஸ், சாலட்டில் ஊற்றும் கலவை, சர்க்கரை, தேன் இவற்றைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். கையில் எந்த ஸ்பூன் கிடைத்தாலும் சரி, அதன் வழியாகவே போகட்டும். தேக்கரண்டி மட்டமாக எடுத்தால் சர்க்கரை 4 கிராம். குவித்து எடுத்தால் நிச்சயம் கூடுதல், எவ்வளவு என்று சொல்ல முடியாது. மட்டமாகவே எடுங்கள்.

கண் ஏமாறும் இடங்கள்

ஒரு நாள் அப்பா இரண்டு ஆப்பிளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றின் விட்டம் 6 சென்டிமீட்டர் இருக்கும், இன்னொன்று ஏழரை. பார்க்க, ஒன்று இன்னொன்றைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். தராசில் வைத்தோம். பெரியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை. அப்பாவுக்கு இதில் ஆச்சரியம் இல்லை, மரத்தில் தினமும் பார்த்தது. அகலம், நீளம், உயரம் மூன்றும் சேர்ந்து வளர்கிறதில்லையா? ஒவ்வொன்றும் கால் பங்கு கூடினாலே மொத்தம் இரட்டிப்பாகிவிடும். நம் கண்ணுக்குத் தெரிவது அகலம் மட்டும். உருளைக்கிழங்கு, பன், வாழைப்பழம், எதுவானாலும் “கொஞ்சம் பெரிசு” என்று தோன்றினால் கணக்கில் ஒன்றரையாகவாவது போட்டுக்கொள்ளுங்கள்.

தட்டும் அப்படித்தான். 23 சென்டிமீட்டர் தட்டுக்கும் 28 சென்டிமீட்டர் தட்டுக்கும் ஐந்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம், பரப்போ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதோடு, அதே குவியல் பெரிய தட்டின் நடுவே சின்னதாகத் தெரியும். பெரிய வளையத்துக்குள் இருக்கும் வட்டம் சிறுத்துத் தெரிகிற இந்தக் கண் மயக்கத்தை பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் டெல்போஃப் 1865-லேயே விவரித்திருக்கிறார். ஊர் விட்டு ஊர் போனால் தட்டின் அளவைச் சாணால் பார்த்துவிடுவேன். என் சாண் 19 சென்டிமீட்டர். சாணுக்கு மேலே இரண்டு விரற்கடை என்றால் வீட்டுத் தட்டு மாதிரிதான். நாலு விரற்கடை தாண்டினால் பெரிய தட்டு, பார்வையை நம்பக் கூடாது, கையைத்தான் நம்ப வேண்டும்.

எதையும் அளக்க நேரமில்லாத பந்தியிலோ விருந்திலோ தட்டையே பிரித்துக்கொள்ளலாம். பாதித் தட்டு மாவு அதிகமில்லாத காய்கறி, கால் தட்டு புரதம், கால் தட்டு சோறோ ரொட்டியோ கிழங்கோ. ஆனால் உயரம் முக்கியம். கால் தட்டில் கோபுரம் கட்டினால் அது கால் தட்டு இல்லை. தட்டில் படுக்க வைத்த நடுவிரலின் தடிமனைப் போல இரண்டு மடங்கு உயரம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது நான் வைத்துக்கொண்ட வரம்பு.

பச்சையா, சமைத்ததா

தாளில் எழுதியிருப்பது சமைப்பதற்கு முந்திய எடையா பிந்திய எடையா என்று கட்டாயம் கேளுங்கள். அரிசி வெந்தால் ஒரு பங்கு ஏறக்குறைய மூன்று பங்காகும். காய்ந்த பாஸ்தா இரண்டு மடங்குக்கு மேல் போகும். இறைச்சி எதிர்ப்பக்கம்: வெந்தால் கால் பங்கு எடை குறையும், 115 கிராம் பச்சை இறைச்சி 85 கிராம் ஆகும். கோழிக் கால் மாதிரி எலும்போடு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு எலும்புக்குக் கழித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கலந்து வேகும் பண்டத்தில் தட்டைப் பார்த்துக் கணக்கிடவே முடியாது. நானும் கொஞ்ச நாள் குழம்பிலிருந்து இறைச்சித் துண்டைப் பொறுக்கி எண்ணிப் பார்த்தேன், சரிப்படவில்லை. பாத்திரத்தில் என்ன போனது என்பதிலிருந்து வாருங்கள். நான்கு மேசைக்கரண்டி எண்ணெயும் 600 கிராம் பச்சை இறைச்சியும் போட்டேன். முதல் தடவை பரிமாறும்போது கரண்டியை எண்ணினேன். பாத்திரம் காலியாக எட்டுக் கரண்டி ஆனது. அப்படியானால் கரண்டிக்கு அரை மேசைக்கரண்டி எண்ணெய், வெந்த பின் 55 கிராம் சொச்சம் இறைச்சி. அப்பாவுக்கு இரண்டு கரண்டி. அதே பாத்திரம், அதே கரண்டி என்றால் அடுத்த தடவை எண்ணக்கூட வேண்டியதில்லை. நன்றாகக் கிளறிவிட்டு அடியிலிருந்து எடுங்கள், மேலாக எடுத்தால் எண்ணெய் மட்டும் வரும்.

வெளியே சாப்பிடும்போது உள்ளே போன எண்ணெய் தெரியாது. சாப்பிட்ட பிறகு தட்டில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் ஒரு கட்டைவிரல் எண்ணெயைக் கணக்கில் சேர்த்துவிடுவேன். குறைத்துப் போட்டு ஏமாறுவதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுவது எனக்கு நிம்மதி.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சாப்பிடும் மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், சிறுநீரகக் கோளாறுக்காக உணவு அளந்து சாப்பிடுபவர்கள், கைக்கணக்கை மட்டும் நம்பி மருந்தின் அளவை மாற்றக் கூடாது. உங்களுக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்று மருத்துவரிடம் கேட்டு, தேவையானால் தராசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குப் பரிமாறும்போது உங்கள் கையை வைக்காதீர்கள். குழந்தையின் கையை மூடச் சொல்லி அதைப் பாருங்கள், அவர்கள் வயிற்றுக்கு அதுதான் நெருக்கம். இன்னும் கேட்டால் கொடுங்கள்.

பழக்கம் விட்டுப் போகாமல் இருக்க

வீட்டில் தராசு இருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் தட்டில் வையுங்கள், இத்தனை கிராம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் எடை பாருங்கள். மனதுக்குள் நினைத்தால் போதாது. எண் தெரிந்ததும் “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்று மனசு மாற்றிக்கொள்ளும். நானும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பொருள் என்று வைத்தோம். ஆரம்பத்தில் சோற்றில் 60, 70 கிராம் தப்பினேன். இரண்டு மாதத்தில் 15 கிராமுக்குள் வந்துவிட்டது. சீஸில் மட்டும் எனக்கு இன்னும் கண் பிடிபடவில்லை, தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துத்தான் வெட்டுகிறேன்.

கிண்ணமோ கரண்டியோ மாறினால் தண்ணீர் பாட்டிலை எடுத்து மறுபடி முதலிலிருந்து பாருங்கள். போன மாதம் எங்கள் கிண்ணம் உடைந்தது. புதியது பார்வைக்குப் பழையது மாதிரியே இருந்தது. 250 மில்லி ஊற்றினால் விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கிண்ணத்தின் வெளிப்பக்கம் அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டார். கழுவக் கழுவ அழியும். அழிந்தால் திரும்பப் போட்டுக்கொள்கிறோம்.